இரேனியுஸ் ஐயரும் பெயர் சூடாத சபையும்

தமிழ் இலக்கண வரலாற்றில் ஈடுபாடுடையோர் இரேனியுஸ் என்னும் பெயரை 1834இல் வெளிவந்த அவருடைய தமிழ் இலக்கண நூலோடு சேர்த்தே அறிவர். திருநெல்வேலிச் சீமைக் கிறித்தவர்களோ அவரை ஊர்களையும் பள்ளிகளையும் எழுப்பிய ஐயராக நினைவுகூர்வர். இவ்விரு நினைவுகளுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று உண்டு. தம் வாழ்வின் இறுதி மூன்று ஆண்டுகளில் அவர் எந்தத் திருச்சபைப் பிரிவையும் சாராத ஒரு கிறித்தவச் சபையைத் தாமிரபரணிக் கரையில் நடத்தினார் என்பதே அது. வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் ஒரு பூசலாகக் கருதி ஓரிரு பத்திகளில் கடந்துவிடுகின்றன. ஆயினும், அவருடைய தமிழ்ப்பணியையும் சமயப்பணியையும் ஒருசேரப் புரிந்துகொள்ள விழைவோர் அம்மூன்று ஆண்டுகளைத் தவிர்த்தல் இயலாது.

கார்ல் தியோபிலுஸ் ஏவால்ட் இரேனியுஸ் 1790ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், இன்று போலந்து நாட்டின் பகுதியாக விளங்கும் கிராவ்தென்ஸ் கோட்டையில் பிறந்தார். அந்நாளில் அது மேற்குப் பிரஷ்யாவைச் சேர்ந்தது. தந்தை படை அதிகாரி. மகனின் இளமையிலேயே மறைந்தார். இளைஞரான இரேனியுஸ் பெர்லின் சென்று, யோகான்னஸ் யேனிக்கே என்னும் போதகர் நடத்திய மிஷனரிப் பள்ளியில் சேர்ந்தார். இப்பள்ளியைப் பற்றி ஒரு செய்தி சொல்லத்தக்கது. யேனிக்கேயின் தம்பி யோசேப் தானியேல் தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயருடன் பணியாற்றியவர். பாளையங்கோட்டையிலும் சில காலம் இருந்தவர். ஆகவே, அந்தப் பெர்லின் வகுப்பறைக்குப் பாளையங்கோட்டை முற்றிலும் அயலான ஊராக இருந்திருக்காது. உள்ளத்தின் மனமாற்றமும் வேத வாசிப்புமே முதன்மை, பிரிவுகளின் எல்லைக்கோடுகள் அவற்றுக்கு அடுத்தவையே என்னும் பக்திநெறி அப்பள்ளியில் ஊன்றப்பட்டது. மாணவரின் பிற்கால வாழ்வு முழுமைக்கும் அதுவே வித்தாயிற்று எனலாம்.

இலண்டனில் 1799இல் தோன்றிய சர்ச் மிஷனரி சங்கம் ஆங்கிலிக்கத் திருச்சபையினரின் அமைப்பு. கீழ்நாடுகளுக்குச் செல்ல ஆங்கிலக் குருமார் போதிய அளவில் முன்வராமையால், அச்சங்கம் ஜெர்மானிய இளைஞர்களைத் தேடியது. லுத்தரன் முறைப்படி 1812இல் குருப்பட்டம் பெற்ற இரேனியுஸ் இவ்வாறுதான் ஆங்கிலேயச் சங்கத்தின் ஊழியரானார். அவரும் உடன்வந்த ஷ்னாரும் 1814ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் சென்னை வந்து சேர்ந்தனர். லுத்தரன் குரு ஒருவர் ஆங்கிலிக்கச் சங்கத்தின் சம்பளத்தில் பணியாற்றுவது அப்போது எவருக்கும் முரணாகத் தோன்றவில்லை. தென்னாட்டில் ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்து வந்தது அதுவே. தரங்கம்பாடியிலிருந்து தஞ்சைக்கு வந்த சுவார்ட்ஸும் அவருடைய தோழர்களும் ஆங்கிலேயரின் பொருளுதவி பெற்ற லுத்தரன்களே. பாளையங்கோட்டைச் சபைக்குப் பொறுப்பேற்ற சத்தியநாதனுக்கு 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் அளித்தவர்களும் அவர்களே. அங்கே பேராயர் எவரும் இல்லை. இந்த ஒரு நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொண்டால், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த முறிவு எளிதில் விளங்கும்.

சென்னையில் ஆறாண்டுகள் கழிந்தன. தமிழ் கற்றதும், ஆன் வான் சோமரன் என்னும் டச்சுக்காரப் பெண்மணியை மணந்ததும், தமிழ் வேதாகமத் திருத்தப் பணியில் இறங்கியதும் அக்காலத்தனவே. 1820ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அங்கிருந்த படைக்குருவாகிய ஜேம்ஸ் ஹஃப், பள்ளிகளைத் தொடங்கி நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தார். சில மாதங்களில் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் என்னும் ஜெர்மானியத் தோழரும் வந்து சேர்ந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளின் வளர்ச்சி வியப்புக்குரியது. பனங்காடுகளும் தேரிகளும் நிறைந்த தென்பகுதியில் ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்தனர். இம்மக்கள் தம்மைக் குறித்த சொல் நோக்கத்தக்கது. தாம் இன்ன திருச்சபையைச் சார்ந்தோம் என்று அவர்கள் கூறிக்கொள்ளவில்லை. வேதத்தில் சேர்ந்தோம் என்றே கூறினர். அயலாரும் அவர்களை வேதக்காரர் என்றே அழைத்தனர். லுத்தரன், ஆங்கிலிக்கன் என்னும் வேற்றுமைகள் ஐரோப்பாவின் பழைய வரலாற்றில் பிறந்தவை. மணப்பாட்டுக் கரையிலிருந்து மேற்கு மலையடிவாரம் வரை பரவிக் கிடந்த சிற்றூர்களின் பேச்சில் அவற்றுக்கு இடமே இல்லை. கீற்று வேய்ந்த ஜெபவீடு, காலையும் மாலையும் கூடும் மக்கள், அவர்களுக்கு வேதம் வாசித்துப் பொருள் சொல்லும் உபதேசியார் என இவை மூன்றுமே ஒரு சபையை ஆக்கின. உபதேசியார்களைப் பயிற்றுவிப்பதில் இரேனியுஸ் காட்டிய அக்கறை பெரிது. அவர்கள் அவ்வப்போது பாளையங்கோட்டையில் கூடுவர். தத்தம் ஊர்ச் செய்திகளைச் சொல்வர். வேதபாடம் கேட்டுத் திரும்புவர். பயிற்சிப் பள்ளியில் எல்லா மாணவரும் ஒருங்கிருந்து உண்ணவேண்டும் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

வேதத்தில் சேர்ந்தமையால் குடியிருந்த மனையை இழந்தோருக்கு இடம் வேண்டியிருந்தது. பிரஷ்ய நாட்டுப் பிரபு தோனாவின் கொடையால் 1827இல் உருவான டோனாவூர் அவ்வகைக் குடியிருப்புகளுள் ஒன்று. 1830இல் தோன்றிய தருமசங்கம் இன்னும் குறிப்பிடத்தக்கது. நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைப்பதற்காக நாட்டுக் கிறித்தவர்களே பணம் சேர்த்து நடத்திய சங்கம் அது. வெளிநாட்டாரின் கையை எதிர்பாராமல் சபை தன் காலில் நிற்க முடியும் என்னும் எண்ணம் 1835க்கு முன்னரே செயல்வடிவம் பெற்றிருந்தமைக்கு இது சான்று. முருகன்குறிச்சியில் 1826இல் எழுந்த ஆலயமும் அவர் காலத்ததே. பிற்காலத்தில் ஓங்கிய கோபுரத்தால் ஊசிக்கோபுரம் என்று அது பெயர் பெற்றது. 1835ஐ ஒட்டி, அவருடைய பொறுப்பிலிருந்த மக்கள் பதினாயிரத்தைத் தொட்டனர்.

இனி, தமிழ்ப்பணி. திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பாடம் கேட்ட இரேனியுஸுக்குச் செய்யுள் தமிழின் உயரமும் தெரியும், ஊர்ப்பேச்சின் ஓட்டமும் தெரியும். இரண்டுக்கும் நடுவே, கற்றோர் பிழையற எழுதவும் கல்லாதோர் கேட்டு விளங்கிக்கொள்ளவும் தக்க ஒரு தமிழை அவர் தேடினார். அவருடைய இலக்கணம் விளக்க முயல்வது அந்தத் தமிழையே. தொடரியலை எடுத்துக்காட்டுகளோடு விரித்துரைத்த வகையில் அது இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. 1832இல் வெளிவந்த பூமி சாஸ்திரம், தமிழில் அறிவியல் உரைநடைக்கு இடப்பட்ட தொடக்கக்கால அடிக்கற்களுள் ஒன்று. வேதாகம மொழிபெயர்ப்பில் அவர் கொண்ட கொள்கை மேலும் துணிவானது. மூலமொழியின் சொற்கிடக்கையைத் தமிழில் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவது உண்மையான மொழிபெயர்ப்பாகாது. மூலத்தின் பொருள் தமிழின் இயல்பான தொடரில் ஒலிக்கவேண்டும் என்று அவர் கருதினார். இதனை விளக்கித் தனிக்கட்டுரை ஒன்றும் எழுதினார். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது.

எல்லோரும் இதனை வரவேற்றனர் என்பதற்கில்லை. பப்ரிசியுஸின் பழைய மொழிபெயர்ப்பில் ஊறிய தஞ்சைக் கிறித்தவர்கள் புதிய திருத்தங்களைக் கண்டு கொதித்தனர். அவர்களின் குரலாக நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். வேதத்தின் சொல்லை மாற்றுவதும், சாதி வழக்கங்களில் தலையிடுவதும், பூவையும் தமிழ்ப் பாடலையும் சபையிலிருந்து விலக்குவதும் ஒரே ஆணவத்தின் பல முகங்கள் என்று அவர் கருதினார். சாதி பற்றிய அவர் நிலையை இன்று ஏற்பார் இலர். ஆயினும் நாவிலும் நெஞ்சிலும் பதிந்துவிட்ட சொல்லுக்கு ஒரு புனிதம் உண்டு என்று அவர் வாதாடியது ஒரு கவிஞரின் வாதம். கவிஞர்கள் அதனை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். இரேனியுஸ் இலக்கண ஆசிரியராக எண்ணினார். சாஸ்திரியார் பாடகராக எண்ணினார்.

முறிவுக்கு வருவோம். நூற்றுக்கணக்கான ஊர்களில் ஞானஸ்நானமும் நற்கருணையும் அளிக்கக் குருமார் இல்லை. ஐரோப்பிய ஐயர்மார் நால்வர் ஐவர் எத்தனை ஊர்களுக்குத்தான் செல்வர்? உபதேசியார்களுள் தகுதியுடையோர்க்குத் தாமே லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்க இரேனியுஸ் விரும்பினார். சங்கமோ ஆங்கிலிக்கப் பேராயரின் கையால் பெறும் பட்டமே செல்லும் என்றது. கல்கத்தாவில் 1814இல் பேராயர் ஒருவர் வந்தமர்ந்த பின்னர் நிலைமை மாறியிருந்தது. 1790இல் இயல்பாக இருந்தது 1830களில் ஒழுங்குமீறல் ஆயிற்று. தமிழர்களுள் ஜான் தேவசகாயம் 1830இல் அம்முறைப்படியே உதவிகுரு ஆனார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சங்கத்தின் வழியில் தமிழர்க்குக் கதவு அடைக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் அக்கதவின் திறவுகோல் ஒருவர் கையில் மட்டுமே இருந்தது. பேராயரிடம் பட்டம் பெறுவோர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் கொள்கை விதிகளுக்கும் ஜெபப்புத்தகத்துக்கும் ஒப்பக் கடமைப்பட்டவர்கள். இங்கிலாந்தின் அரசியல் சூழலில் எழுந்த அவ்விதிகளைத் தெற்கத்தி உபதேசியார் ஒருவர் மீது ஏற்றுவது எதற்கு என்பதே இரேனியுஸின் தடை.

1834இல் சென்னையிலிருந்த ஆங்கிலிக்கக் குரு ஒருவர் தம் திருச்சபையின் மேன்மையை எடுத்துரைத்து ஒரு நூல் எழுதினார். இரேனியுஸ் அதற்கு மதிப்புரை எழுதி அச்சிட்டார். தொடக்கக்காலச் சபையில் பேராயரும் மூப்பரும் இருவேறு படிநிலையினர் அல்லர் என்றும், அப்போஸ்தலர் வழிவந்த பேராயர் இல்லாவிடில் சபையே இல்லை என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்றும், ஜெபப்புத்தகம் மனிதர் தொகுத்ததே ஆதலின் அதில் குறைகள் உண்டு என்றும் அதில் வாதிட்டார். குருத்துவமே வேண்டாம் என்றவர் அல்லர் அவர். குருவை ஏற்படுத்தும் உரிமை ஒரு பதவிக்கு மட்டும் உரியதன்று என்பதே அவர் கொள்கை. தம்மை ஊழியத்தில் வைத்திருந்த திருச்சபையையே பொதுமக்கள் முன் குறைகூறியது முறையா என்று அன்று கேட்டோர் பலர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. இருபது ஆண்டுகளாக அச்சங்கத்தின் பொருளில் வாழ்ந்த ஒருவர், தம் கருத்துமாற்றத்தை முதலில் சங்கத்தாரிடம் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் சங்கம் தம்மை ஏற்றுக்கொண்டபோது தாம் யார் என்பதை நன்கறிந்தே ஏற்றது என்பது அவர் தரப்பு. மாறியவர் யார் என்பதில்தான் இரு தரப்பாரும் வேறுபட்டனர்.

சங்கம் அவருடன் கொண்ட தொடர்பை முறித்தது. 1835 ஜூனில் அவர் பாளையங்கோட்டையை விட்டு வடக்கே ஆர்க்காட்டுக்குச் சென்று அங்கே புதிதாகப் பணி தொடங்கினார். அத்தோடு கதை முடிந்திருக்கலாம். முடியவிடாதவர்கள் உபதேசியார்கள். திரும்பி வரும்படி அவர்கள் விடுத்த வேண்டுகோளை ஏற்று, அவ்வாண்டு முடிவதற்குள் அவர் திருநெல்வேலிக்கு மீண்டார். ஷாப்டர், முல்லர், லெக்லர் என்னும் மூவரும் அவருடன் நின்றனர். இவ்வாறு எழுந்த சபைக்கு ஜெர்மானிய சுவிசேஷ மிஷன் என்னும் பெயர் வழங்கிற்று. அப்பெயர் ஊழியரின் நாட்டையும் அவர்கள் அறிவித்த நற்செய்தியையும் குறித்ததேயன்றி, லுத்தர், கால்வின், கான்டர்பரி ஆகியவற்றுள் எதனையும் குறிக்கவில்லை.

அச்சபையின் நம்பிக்கைகளில் புதுமை தேடுவார் ஏமாறுவர். ஒரே கடவுள், கிறிஸ்துவின் மீட்பு, விசுவாசத்தால் வரும் நீதி, வேதமே இறுதிச் சான்று என்னும் சீர்திருத்தக் கிறித்தவத்தின் பொதுக்கொள்கைகளே அவை. அவர் எழுதிய வேத சாஸ்திரச் சுருக்கம் இவற்றையே தமிழில் ஒழுங்குபடுத்திக் கூறுவது. வேறுபாடு நம்பிக்கையில் இல்லை, அடையாளத்தில் இருந்தது. இவ்வளவையும் நம்பும் ஒரு கூட்டத்தார், இதற்கு மேல் ஒரு பிரிவின் முத்திரையைப் பெற்றால்தான் சபையாவரோ என்ற வினாவுக்கு, வேண்டியதில்லை என்று விடை கூறிய சபை அது. மொழிபெயர்ப்பாளர் இரேனியுஸையும் சபைத்தலைவர் இரேனியுஸையும் இணைக்கும் இடம் இதுவே. எபிரேயத் தொடரமைப்பைத் தமிழ் சுமக்கவேண்டியதில்லை என்றவர், இங்கிலாந்தின் சபையமைப்பைத் தமிழ் மக்கள் சுமக்கவேண்டியதில்லை என்றும் கண்டார்.

ஆனால் சொல்லைத் திருத்துவதுபோல் மக்களைத் திருத்தி அமைத்தல் எளிதன்று. சங்கம் ஜார்ஜ் பெட்டிட்டை அனுப்பித் தன் பணியைத் தொடர்ந்தது. நிலங்களிலும் கட்டடங்களிலும் பல சங்கத்தின் பொறுப்பில் இருந்தன. உபதேசியார்களின் சம்பளமும் அங்கிருந்தே வந்தது. சிலர் ஐயருடன் வந்தனர். சிலர் சங்கத்தோடு இருந்தனர். ஒரே மாவட்டத்தில், ஒரே வேதத்தை, ஒரே மொழிபெயர்ப்பில் வாசித்தவர்கள் இரு கட்சியாயினர். எப்பிரிவையும் சாராமல் நிற்க எழுந்த சபையே ஒரு பிரிவினைக்குக் காரணமாயிற்று என்ற குற்றச்சாட்டை இரேனியுஸின் அன்பர்களாலும் முழுமையாக மறுக்க இயலவில்லை. அவர் ஆர்க்காட்டிலேயே இருந்திருந்தால் ஊர்கள் பிளவுபட்டிரா. அழைத்தவர்களின் குரலைக் கேளாமல் இருந்திருந்தால், சபையே தன் மேய்ப்பனைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற தம் கொள்கையை அவரே மறுத்தவராகியிருப்பார். இந்த இரண்டில் எது சரி என்பதை எண்ணி அவர் மனம் நொந்திருக்கவேண்டும். பூசலுக்கு மையமாக நின்ற அந்த உபதேசியார்களின் நெஞ்சத்தை அறியத்தான் வழி குறைவு. அச்சேறிய ஏடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பியர் ஒருவர்க்கொருவர் எழுதியவை. யாருக்குக் குருப்பட்டம் என்பதே வழக்கு; வழக்குக்குரியோர் ஏறக்குறைய வாய்திறவாமல் வரலாற்றில் நிற்கின்றனர்.

பொருளுதவி நண்பர்களிடமிருந்து வந்தது. அவர்களுள் முதன்மையானவர் அந்தோணி நாரிஸ் கிரோவ்ஸ். இங்கிலாந்தில் பல் மருத்துவராக இருந்து, உடைமைகளைத் துறந்து பாக்தாத் சென்று, 1833இல் இந்தியா வந்தவர் அவர். கிறிஸ்துவை நம்புவோர் அனைவரும் பிரிவு பாராது ஒரே பந்தியில் அப்பம் பிட்கலாம் என்ற கொள்கையுடைய அவருக்கு, இரேனியுஸின் போராட்டம் தம் போராட்டமாகவே தோன்றிற்று. இங்கிலாந்தில் இரேனியுஸுக்காக எழுதியும் பேசியும் ஆதரவு திரட்டினார்.

உழைப்பு இரேனியுஸின் உடலைத் தின்றது. 1838ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பாளையங்கோட்டையில் அவர் காலமானார். வயது நாற்பத்தேழு. அடைக்கலாபுரத்தில் அவர் கல்லறை உள்ளது. மகன் தொகுத்த வாழ்க்கை வரலாறு 1841இல் இலண்டனில் வெளிவந்தது.

அவர் மறைந்தபின் சபை நீடிக்கவில்லை. ஷாப்டரும் முல்லரும் சர்ச் மிஷனரி சங்கத்துக்குத் திரும்பினர்; ஊர்களும் அவர்களோடு திரும்பின. லெக்லர் இலண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து சேலம் சென்றார். பிளவு ஆறியது என்று சங்கத்தார் மகிழ்ந்தனர். ஆறியது உண்மையே. ஆனால் அந்த வினா ஆறவில்லை. 1857இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை நாசரேத்துப் பகுதியில் ஐரோப்பியச் சார்பு சிறிதுமற்ற இந்துக் கிறித்தவ சபையை நிறுவியபோது, அவ்வினா வேறு வடிவில், இன்னும் கூர்மையாக எழுந்தது.

இரேனியுஸின் வழியில் நேராக வந்தவர் இன்னொருவர். உக்கிரன்கோட்டையில் 1810இல் பிறந்து, பாளையங்கோட்டையில் இரேனியுஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், கிரோவ்ஸின் பயணத் துணைவரானார். சங்கம் எதனிடமும் சம்பளம் பெறாமல், 1840ஐ ஒட்டி வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்தார். அங்கே உழவும் தொழிலும் செய்த விசுவாசிகளே கூடி வேதம் வாசித்தனர். பேராயரின் பட்டம் பெற்ற குரு இல்லாமலே அப்பம் பிட்டனர். 1860இல் அங்கு தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சபைகளுக்கும் பரவிற்று. தமிழில் ஞானப்பாடல்கள் இயற்றிய அருளப்பன் 1867இல் மறைந்தார். பேராயரையோ, சங்கத்தையோ, ஐரோப்பியத் தலைவரையோ கொள்ளாத சபையாகக் கிறிஸ்தியான்பேட்டை அவர் காலம் முழுவதும் நின்றது.